வெற்றிலை வைத்து அழைத்தோம்

என் வகுப்புத் தோழிகளே, தோழர்களே, முதலில் நன்றி. போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வெற்றிலைத் தட்டின் படத்தைப் போட்டு, கீழே ஒரு தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்து, இந்த மாதம் முழுக்க இதற்கு அடிக்கடி கோல் எடுங்கள், எடுத்தால் நன்றாக நீட்டிக் கதையுங்கள் என்று கேட்டிருந்தேன். ஏன் எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. என் மகள் வேலை செய்கிற இடம் என்பது மட்டும் உங்களுக்குப் போதுமாக இருந்தது. கல்குடாவில் இருக்கிறவள் தினமும் மூன்று தரம் எடுத்தாளாம். கனடாவில் இருக்கிறவன் இங்கே இருக்கும் தன் தமக்கையைப் பிடித்து எடுக்க வைத்தானாம். வெற்றிலைப் படத்தைப் பார்த்து, யாருக்குக் கலியாணம் என்று ஒருத்தி கிண்டலும் அடித்திருந்தாள்.

அந்த வெற்றிலையின் கதையை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் பிழை. இப்போது சொல்கிறேன். வயது போய்விட்டது, கதை கொஞ்சம் அங்கும் இங்கும் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியம்மாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அம்மாவின் தமக்கை. மழை நாளில் குடையோடு பள்ளிக்கூட வாசலில் நிற்பாளே, அவள்தான். ஒரு காதிலிருந்து மறு காது வரைக்கும் அவள் தலைமயிரில் ஒரு தடம் இருக்கும். எப்படி வாரினாலும் அது மறையாது. தபால் கந்தோர் மாடியில் பதினொரு வருடம் காதுக் கருவியை மாட்டிக்கொண்டு இருந்ததால் வந்த தடம். அவள் டெலிபோன் இணைக்கிற வேலை செய்தாள்.

அப்போதெல்லாம் டெலிபோனில் இலக்கம் சுழற்ற வழியில்லை. பக்கத்தில் ஒரு கைபிடி இருக்கும். அதைச் சுற்றினால் மாடியில் இருக்கும் பெரிய பலகையில் உங்களுக்கென்று உள்ள சின்னத் தகடு டக்கென்று விழும். அதைக் கண்ட பெண் ஒரு கயிற்றை உங்கள் துளையில் செருகி, யார் வேண்டும் என்று கேட்டு, மறு கயிற்றை அவர்களுடைய துளையில் செருகுவாள். நம் ஊரில் யாரும் இலக்கம் சொன்னதாக எனக்குத் தெரியாது. டொக்டரைத் தா பிள்ளை என்பார்கள். ஞாயிறு காலையில் டொக்டர் மாதா கோயில் பூசையில் இருப்பார், பூசை முடிந்து சுவாமியாரோடு தேத்தண்ணி குடிப்பார் என்பது பெரியம்மாவுக்குத் தெரியும். வீட்டுக்கு அடிக்காமல் நேரே சுவாமியாரின் பங்களாவுக்கு அடிப்பாள்.

கதை நின்றவுடன் கயிற்றைப் பிடுங்குகிற பழக்கம் அவளிடம் இல்லை. சில பேர் மறுமுனையில் அழுதுகொண்டிருப்பார்கள், சில பேர் சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் நிற்பார்கள் என்பாள். அதனால் கொஞ்ச நேரம் பொறுத்து, மெல்ல, "கதைச்சி..." என்று நிறுத்துவாள். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "...முடிஞ்சிதா?" என்று கேட்பாள். வீட்டிலும் அதே பழக்கந்தான். நான் அழுதால் சமாதானம் சொல்ல மாட்டாள். அழுகை ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்து, அதே குரலில் அதையே கேட்பாள். எனக்குச் சிரிப்பு வந்துவிடும்.

எனக்கு மூன்று வயதில் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். வாவிக்கரை வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மாவுக்கு வேலை இல்லை, பெரியம்மாவுக்குக் கலியாணம் இல்லை. அவள் மாடியேறிப் போய் வருவதில்தான் எங்கள் மூன்று பேருடைய சோறும் இருந்தது. பதினொரு வருடம் வேலை செய்தும் அவளை நிரந்தரமாக்கவில்லை. அந்தப் பலகையில் இருந்த ஆறு பெண்களில் நாலு பேர் தற்காலிகம்.

எனக்கு ஒன்பது வயது. மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசுகிற மாதம். நெருப்புக்குள்ளால் வருகிற மாதிரிக் காற்று, வாய் உலர்ந்துவிடும், சீலையெல்லாம் மண். வாவித் தண்ணீர் உள்ளே இழுத்துக்கொள்ள, கரைச் சேற்றின் வாடை வீட்டுக்குள் வரும். அந்தக் காற்றோடுதான் கொழும்பிலிருந்து ஒரு பொறியியலாளர் வந்தார். ஒரு சாம்பல் நிறப் பெட்டியைக் கொண்டு வந்து பலகைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒவ்வொரு கயிறு செருகும்போதும் அந்தப் பெட்டியில் கிட் என்று ஒரு சத்தம் வரும், ஒரு சின்னச் சில்லு திரும்பி ஓர் எண் கூடும். இரண்டு கிழமைக்கு ஊரின் அழைப்புகளை எண்ணப் போவதாக அவர் சொன்னார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆறு பெண்களும் எங்கள் வீட்டில் கூடினார்கள். மண் வராமல் அம்மா யன்னல்களைச் சாத்தினாள். உள்ளே புழுக்கம், தேங்காய் எண்ணெய் வாசம், ஆறு பேருடைய தலையிலும் அதே தடம். அவர்களில் மூத்த அக்கா, காரணம் தெரிந்துவிட்டது என்ற மாதிரிப் பேசினாள்.

"கோல் குறைவா இருந்தா நம்மள நிப்பாட்டத்தான் எண்ணுறாங்க. போன வருசம் ஆத்துக்கு அங்கால அந்தச் சின்னத் தபால் கந்தோர்ப் புள்ளைக்கு என்ன நடந்த? நாளுக்கு நாலு கோல்தான் வருகுது எண்டு நிப்பாட்டிப் போட்டாங்க."

அது உண்மை. எல்லாருக்கும் தெரிந்த உண்மை. ஆகவே எண்ணிக்கை கூட வேண்டும், ஊர் முழுக்கக் கதைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. வேலையில் இருப்பவர்கள் போய்க் கேட்க முடியாது, சட்டம் விடாது. அம்மா போகலாம். போய் என்ன சொல்லிக் கேட்பது, யார் மதிப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கையில் அம்மாவே எழும்பி அலுமாரியைத் திறந்து பித்தளை வெற்றிலைத் தட்டை எடுத்தாள். நம் பக்கத்தில் வெற்றிலை வைத்துச் சொன்னால் அது சும்மா சொன்னதாகாது என்று உங்களுக்குத் தெரியும். கலியாணமோ காதுகுத்தோ, தட்டில் கைவைத்து வெற்றிலையை எடுத்தவர் வந்தே ஆக வேண்டும். டெலிபோனுக்கு வெற்றிலை வைத்தது என் அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் தொடங்கினோம். அம்மா குடை பிடிக்க, தட்டு என் கையில். டெலிபோன் இருந்த வீடுகளும் கடைகளும் அப்போது கொஞ்சந்தான், ஆனாலும் நடக்க நடக்க வழி முடியவில்லை. மருந்துக்கடை, சுவாமியாரின் பங்களா, ஐஸ் தொழிற்சாலை, பஸ் ஏறிக் காத்தான்குடியில் ஒரு சவுளிக்கடை. சவுளிக்கடை ஹாஜியார் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே மாப்பிள்ளை என்று கேட்டார். அம்மா விசயத்தைச் சொன்னதும் வயிறு குலுங்கச் சிரித்து, ஒரு வெற்றிலையை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டார். வெற்றிலை எடுத்தாகிவிட்டது, இனி கோல் எடுக்காமல் இருக்க ஏலாது என்று சொல்லி எனக்கு ஒரு முழம் ரிப்பன் வெட்டித் தந்தார்.

களுவாஞ்சிக்குடியில் அம்மாவுக்குச் சொந்தத்தில் ஒரு நெல் ஆலைக்காரர். அவருடைய மச்சான் ஊருக்குள் பலசரக்குக் கடை வைத்திருந்தார். வட்டை வயல் காணி ஒன்றின் வரம்புச் சண்டையில் ஏழு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. இரண்டு பேரும் வெற்றிலை எடுத்தார்கள். எடுத்த பிறகுதான், டெலிபோனில் கதைக்கத் தங்களுக்கு வேறு ஆளில்லை என்பது அவர்களுக்கு விளங்கியது. முதல் நாள் ஒருவருக்கொருவர் எடுத்து மழையைப் பற்றிக் கதைத்தார்கள். மூன்றாம் நாள் வரம்புச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள். பிறகு நாளுக்கு ஆறேழு தரம். ஒருவர் வைத்தால் மற்றவர் கைபிடியைச் சுற்றுவார். பெரியம்மா வீட்டுக்கு வந்து அந்த வசவுகளைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த இரண்டு கிழமையும் மாடியில் தகடுகள் விழுந்தபடியே இருந்தன. கீழே மர வாங்கில் குந்தியிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பேன். டக், டக், அதற்குப் பின்னால் பெட்டியின் கிட், கிட். அந்த ஒவ்வொரு கிட்டும் நான் தட்டு ஏந்திக்கொண்டு வந்தது என்று எனக்குப் பெருமை. பெரியம்மாவின் விரல்கள் வீங்கிவிட்டன. குரல் கட்டிப்போய், கொத்தமல்லித் தண்ணி குடித்துக்கொண்டு வேலைக்குப் போனாள். அவளை அவ்வளவு சந்தோசமாக நான் அதற்கு முன் கண்டதில்லை.

இடையில் ஒரு நாள் பொறியியலாளரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். அம்மா றால் கறி வைத்தாள். தன்மையான மனிதர், தலை நிமிராமல் சாப்பிட்டார். கையைக் கழுவிவிட்டு ஒரு கொப்பியைத் திறந்து பெரியம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டார். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் கூடுதலாகக் கதைக்கிறார்கள், யார் யாரோடு அடிக்கடி கதைக்கிறார்கள், எந்த வீட்டில் நீளமாக மணி அடித்தால்தான் எடுப்பார்கள், இரைச்சலைக் கேட்டே கம்பி எங்கே அறுந்திருக்கிறது என்று எப்படிச் சொல்வாள். பெரியம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. பத்து வருடத்தில் அந்த வேலையைப் பற்றி ஒருவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தரம். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எண்ணுவது எதற்கென்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான் எங்கள் வீட்டுக் கறியைச் சாப்பிட்டார் என்று நினைக்க எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அவர் கெட்டவர் என்றும் சொல்ல வாய் வரவில்லை.

போகும்போது ஆறு பேரும் ரயில் நிலையத்துக்கே போய் அவரை வழியனுப்பினார்கள். நானும் போனேன். பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டு யன்னலால் பெரியம்மாவிடம் சொன்னார்:

"இவ்வளவு கதையையும் மனிசக் கையால தாங்கேலாது, மிஸ்."

தங்கள் வேலையைப் புகழ்ந்துவிட்டுப் போகிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். தற்காலிகக்காரர்களை இனி நிரந்தரமாக்குவார்கள் என்று மூத்த அக்கா அடித்துச் சொன்னாள்.

அடுத்த வருடம் அதே கச்சான் காற்றில் லொறிகள் வந்தன. மரப்பெட்டிகள், ஆள் உயரம். கீழே ஓர் அறையைக் கழுவித் துடைத்துக் கொடுக்கும்படி பெண்களிடமே சொன்னார்கள். அவர்களும் முந்தானையைச் செருகிக்கொண்டு கழுவினார்கள். இணைப்புகள் கூடுகின்றன, பெரிய பலகை வருகிறது என்றுதான் அப்போதும் நினைத்தார்கள். சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். பெரியம்மா என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். புதுப் பெயின்ற் மணம், வரிசையாகச் சாம்பல் நிற அலுமாரிகள், இருப்பதற்கு ஒரு கதிரைகூட இல்லை. அலுமாரிகளுக்குள்ளே ஓயாமல் கிட் கிட் என்று சத்தம். ஆளில்லாத அறைக்குள் ஊர் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தது. பெரியம்மா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நிரந்தரமான இரண்டு பேரை எங்கோ தூரத்துக்கு மாற்றினார்கள். மற்ற நாலு பேருக்கும் கடிதம் வந்தது. இந்த ஊரின் அழைப்புகள் எதிர்பார்த்ததை விட மிக அதிகமாக இருப்பதால், மற்ற ஊர்களுக்கு முன்னதாகவே இங்கே தானியங்கி நிலையம் அமைக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. பெரியம்மா இரண்டு தரம் வாசித்தாள். பிறகு அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்:

"நாமதான் வெத்திலை வெச்சிக் கூப்பிட்டம்."

திட்டுகிற குரலில் சொல்லவில்லை. ஆனால் அம்மா அன்றைக்குச் சாப்பிடவில்லை. நானும் தட்டைப் பார்க்கப் பயந்து அலுமாரிப் பக்கம் போகாமல் இருந்தேன். பழைய பலகையைக் கந்தோரின் பின்வளவில் எறிந்திருந்தார்கள். கயிறுகளின் பித்தளை முனைகளை வெட்டி எடுத்துப் பிள்ளைகள் விளையாடினார்கள். மாரி மழையில் அது ஊதிப் பிளந்து போயிற்று.

பெரியம்மா சவுளிக்கடை ஹாஜியாருக்குப் பாவாடை ஓரம் தைத்துக் கொடுத்தாள். அது மூன்று வயிற்றுக்குக் காணவில்லை. நாலு மாதத்தில் அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். வருடத்துக்கு ஒரு தரம், நத்தார்ப் பண்டிகைக்கு, மருந்துக்கடை டெலிபோனுக்கு எடுப்பாள். நானும் பெரியம்மாவும் காலையிலிருந்தே அங்கே போய் நிற்போம். அம்மா எப்படியிருக்கிறாய் என்று கேட்டு அழத் தொடங்குவாள். அழுதுகொண்டிருக்கும்போதே டக்கென்று அறுந்துவிடும். நேரம் முடிந்தால் இயந்திரம் அறுத்துவிடும், அவ்வளவுதான். பெரியம்மா அந்தச் செத்த டெலிபோனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்பாள். ஏழு வருடம் கழித்து அம்மா திரும்பி வந்து வாசலில் நின்று என் பெயரைச் சொன்னபோது, அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை. என் பிள்ளைப் பருவத்தில் எதை மன்னித்தாலும் அதை என்னால் மன்னிக்க முடியாது. யாரை மன்னிப்பது என்றும் தெரியவில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன்.

என் மகள் பெரியம்மாவின் மடியில் வளர்ந்தவள். பெரியம்மா சாகும்போது அவளுக்குப் பதினொரு வயது. அந்தக் கிழவியின் நடை, தும்மல், பேச்சு எல்லாம் அவளிடம் ஒட்டிக்கொண்டு விட்டது. இப்போது டவுனில் ஒரு கடைக்கு மேலே, ஒரு கொம்பனிக்காக, சனங்களின் குறை முறைப்பாடுகளை டெலிபோனில் கேட்கிற வேலை. பன்னிரண்டு பெண்பிள்ளைகள் வரிசையாக இருக்கிறார்கள். இவளிடம் கதைத்தவர்கள் இவளையே மறுபடி கேட்பார்களாம். சனங்கள் சொல்லி முடித்ததும் இவள் கொஞ்சம் பொறுத்து, "கதைச்சி... முடிஞ்சிதா?" என்று கேட்பாள். வேறு யாரும் அப்படிக் கேட்பதில்லை. மருமகன் கட்டாரில் முதுகை உடைத்துக்கொண்டு வந்து படுத்திருக்கிறார், பேத்திக்கு நாலு வயது. மறுபடியும் ஒரு பெண் மாடியேறிப் போய் வருவதில்தான் எங்கள் வீட்டுச் சோறு இருக்கிறது.

போன மாதத் தொடக்கத்தில் பேத்திக்குச் சோறு ஊட்டிக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, வேலையில கொம்பியூட்டர்ல புதுசா ஒண்டு போட்டிருக்காங்க. நாங்க கதைக்கிறதெல்லாத்தையும் அது கேட்டுக் கேட்டுப் பழகுமாம். எங்களுக்கு உதவிக்குத்தானாம். மாச முடிவில எத்தினை பேர் வேணும் எண்டு பாப்பாங்களாம். கோல் குறைஞ்சா ஆக்கள நிப்பாட்டிருவாங்க. நம்மட ஆக்கள எடுக்கச் சொல்லுங்க, நல்லா நீட்டிக் கதைக்கச் சொல்லுங்க."

பெட்டி, றால் கறி, கொப்பி, வெற்றிலை எல்லாவற்றையும் அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பேத்தியின் வாயைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எடுக்காட்டிக் கோல் இல்லையெண்டு நிப்பாட்டுவாங்க. எடுத்தா அது பழகிரும். அப்ப நான் என்னம்மா செய்யிற?"

பெரியம்மாவுக்காவது தெரியாமல் ஒரு பிழை விட இடம் இருந்தது. என் மகளுக்கு அதுவும் இல்லை. அலுமாரியைத் திறந்து அம்மாவின் பித்தளைத் தட்டை எடுத்துத் துடைத்தேன். கொல்லையில் நாலு வெற்றிலை கிள்ளி அடுக்கி, படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன். நீங்கள் எடுத்தீர்கள். நல்ல மனதோடு, பிள்ளைகளின் கதை, முழங்கால் வலி, மீன் விலை எல்லாம் நீட்டி நீட்டிக் கதைத்தீர்கள். அது கேட்டுக்கொண்டிருந்தது.

நேற்றுக் காலை மனது கேட்காமல் நானே அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். பேர் சொல்லவில்லை. முன்பெல்லாம் பாட்டுப் போட்டுக் காக்க வைப்பார்கள். நேற்று ஒரு மணிகூட முழுதாக அடிக்கவில்லை, ஒருத்தி எடுத்துவிட்டாள். இளம் குரல், நம் ஊர்த் தமிழ். புதுப் பிள்ளையாக்கும் என்று நினைத்து, இல்லாத முறைப்பாடு ஒன்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். ஆர் புள்ள நீங்க, எந்த ஊர் என்று கேட்டேன். உங்களுக்கு உதவத்தான் இருக்கிறேன் என்றாள். அதற்கு மேல் என்ன கதைப்பது என்று தெரியாமல் நான் பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"கதைச்சி..." என்று வந்தது. பிறகு, இன்னும் தாழ்ந்து, "...முடிஞ்சிதா, அம்மா?"

இன்னும் முடியவில்லை என்றேன். மழை வருமா என்று ஏதோ உளறினேன். மறுபடியும் அதே கேள்வி. அதே இடத்தில் நிறுத்தம், அதே இறக்கம், மயிரிழை பிசகாமல். மூன்று தரம் அப்படிச் செய்து பார்த்தேன். மூன்று தரமும் என் பெரியம்மா கேட்டாள். நான்காம் தரம், ஓம், முடிஞ்சிது என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

பின்னேரம் மகள் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பேத்தியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். இன்றைக்கு வேலை எப்படி என்று கேட்டேன்.

"காலமையில இருந்து எங்க பன்னிரண்டு பேருக்கும் ஒரு கோலும் வரல்லம்மா. சும்மா இருந்திட்டு வாறம். உங்கட ஆக்கள் களைச்சிட்டாங்க போல." பேத்தியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னவள், என் பக்கம் திரும்பினாள். "நீங்களாவது எடுத்திருக்கலாமே?"

பேத்தியை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டு சோறு ஊட்டப் போனேன்.